டிராக் டேயில் வழிவிடுவதும் முந்துவதும்: முதல் முறை போகிறவர்களுக்கு

சொந்த வண்டியை ரேஸ் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்குப் பெயர் டிராக் டே. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் பாதையில் எனக்கு முதல் டிராக் டே. மூன்றாவது சுற்றிலேயே கறுப்புக் கொடி காட்டி உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வேகமாகப் போனதற்காக இல்லை; மரியாதையாக வழிவிட்டதற்காக.

நடந்தது இதுதான். இடது வளைவு ஒன்றை முடித்து வெளியே வரும்போது என் வண்டி பாதையின் வலது ஓரத்துக்கு வந்திருந்தது. பின்னால் வேகமான வண்டி ஒன்று. ஜன்னல் வழியே கையை நீட்டி, லாரி டிரைவர்கள் செய்வதுபோல "போ, போ" என்று ஆட்டினேன். அப்புறம், ஜிஎஸ்டி ரோட்டில் பல வருடம் ஓட்டிய பழக்கத்தில், இடது பக்கம் ஒதுங்கினேன். காலியாகக் கிடந்த அந்த இடது பக்கத்தை நம்பி அவர் ஏற்கெனவே வண்டியைத் திருப்பியிருந்தார். உரசவில்லை, அவ்வளவுதான். பிட்டில், அதாவது பாதையோரம் வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில், ஒரு மார்ஷல் (பாதையைக் கண்காணிப்பவர்) என் ஜன்னலில் குனிந்து சொன்னார்: "சார், நீங்க ஒதுங்கவே கூடாது சார். அவர்தான் ஒதுங்கிப் போகணும்."

இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான். எப்படிப் பதிவு செய்வது, கிளட்ச் எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இது ரேஸ் இல்லை என்பதை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்

ரேஸில் முந்துகிறவர் இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறார். டிராக் டேயில் முன்னால் போகிறவர் கொடுத்தால்தான் இடம். கொடுக்காதவரை, நீங்கள் எவ்வளவு வேகமான வண்டியில் இருந்தாலும் பின்னாலேயேதான் வர வேண்டும். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது.

இன்னொன்று. நம் ஊர் கார் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினால் பாதுகாப்பு இல்லை என்று பயன்பாட்டு வரம்பில் எழுதியிருக்கும். டிராக்கில் பம்பர் போனால் உங்கள் பை, அடுத்தவர் பம்பர் போனாலும் பெரும்பாலும் சண்டை உங்களுக்குள்தான்.

படி 2: ப்ரீஃபிங்கில் மூன்று கேள்வி கேளுங்கள்

ஓட்டத்துக்கு முன் விதிகளைச் சொல்லும் காலை ப்ரீஃபிங்கில் பாதிப் பேர் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள். எங்கெங்கே முந்தலாம்? எந்தப் பக்கமாக முந்தலாம்? சைகை கையாலா, இன்டிகேட்டராலா? ஏற்பாட்டாளருக்கு ஏற்பாட்டாளர் இது மாறும். தொடக்கக் குழு என்றால் பெரும்பாலும் நேர்பாதையில் மட்டும்தான், அதுவும் கைச்சைகை கிடைத்தால்தான். அனுபவசாலிகள் குழுவில் கொஞ்சம் தளர்த்துவார்கள். போன தடவை ஒருவரிடம் கேட்ட விதியை இந்தத் தடவை வேறொருவரிடம் போய்ப் பேசாதீர்கள்.

யூடியூபில் நூர்பர்க்ரிங் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 20.8 கி.மீ. நீளமுள்ள அந்த ஜெர்மானியப் பாதையில், பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் செல்லும். மெதுவான வண்டி வலது ஓரமாகப் போக வேண்டும், முந்துகிறவர் இடது பக்கமாக மட்டுமே முந்த வேண்டும். அதாவது அங்கே ஒதுங்குவது சரி. நான் இங்கே சொல்லும் முறையில் ஒதுங்குவதுதான் தப்பு. இரண்டையும் கலக்கினால் என் மூன்றாவது சுற்று உங்களுக்கும் நடக்கும்.

படி 3: வண்டியில் மூன்று சின்ன ஏற்பாடு

ஓட்டுநர் பக்கக் கண்ணாடி முழுதும் இறங்கியிருக்க வேண்டும். சென்னை வெயிலில் ஏசியை நிறுத்திவிட்டு இதைச் செய்ய மனசு வராது. செய்யுங்கள்.

உள்ளே இருக்கும் ரியர்வியூ மிரர் மேல் மாட்டுகிற அகலமான குவிகண்ணாடி ஒன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மொபைலில் சுற்று நேரம் அளக்கும் செயலியைவிட இது நூறு மடங்கு உபயோகம். அந்தச் செயலியை முதல் இரண்டு டிராக் டேக்கு அழித்தே விடுங்கள் என்பேன். நேரத்தைப் பார்க்கிறவன் மிரரைப் பார்ப்பதில்லை. உறிஞ்சு பிடியில் டாஷ்போர்டில் ஒட்டிய போன், பிரேக் மிதிக்கும்போது கழன்று காலடிக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, வலது கைக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கையுறை. கறுப்பு வண்டி, கறுப்புக் கையுறை, கறுப்புச் சட்டை என்றால் பின்னால் வருகிறவருக்கு உங்கள் கை தெரியாது.

பிரேக் எண்ணெயைப் பற்றி ஒரு வரி: பழையதாக இருந்தால் மாற்றிவிட்டு வாருங்கள். டாட் 4 தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155தான். பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டால் முந்துவது பற்றிப் பேசவே வேண்டாம்.

படி 4: கை காட்டுவது

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் வண்டிகளில் ஸ்டீயரிங் வலது பக்கம். ஆகவே வலது கையை வெளியே நீட்டி வலது பக்கம் சுட்டினால் "என் வலது பக்கமாகப் போ" என்று பொருள். கையைக் கூரைக்கு மேலே தூக்கி இடது பக்கம் சுட்டினால் "இடது பக்கமாகப் போ". விரல் ஒன்றை நீட்டி, ஒரு வினாடியாவது அசையாமல் வையுங்கள். ஆட்டாதீர்கள். கை ஆட்டுவது லாரி மொழி. நெடுஞ்சாலையில் லாரியின் வலது இன்டிகேட்டர் எரிந்தால் "தாராளமாக முந்து" என்றும் அர்த்தம், "நான் திரும்பப் போகிறேன், முந்தாதே" என்றும் அர்த்தம். நாம் ஊகித்து உயிர் பிழைக்கிறோம். டிராக்கில் ஊகத்துக்கு இடமில்லை. இன்டிகேட்டரை விடக் கையை நான் விரும்புவதற்கும் அதுதான் காரணம்: இன்டிகேட்டர் மறந்துபோய் எரிந்துகொண்டே இருக்கும், கை மறந்துபோய் நீண்டிருக்காது.

எப்போது காட்டுவது? வளைவை முடித்து ஸ்டீயரிங் நேரான உடனே. நேர்பாதையின் தொடக்கத்திலேயே. வளைவின் நடுவில் ஒரு கையை எடுக்க வேண்டாம். நேர்பாதையின் கடைசியில் காட்டினால் அது வழிவிடுவது இல்லை, பிரேக் போடும் இடத்தில் இரண்டு பேரையும் மாட்டிவிடுவது.

காட்டிய பிறகு இரண்டு வேலை. முதலாவது, எங்கே இருக்கிறீர்களோ அந்தக் கோட்டிலேயே நேராகப் போங்கள். பாதையின் நடுவில் இருந்தால் நடுவில், வலது ஓரத்தில் இருந்தால் வலது ஓரத்தில். கை எந்தப் பக்கத்தைச் சுட்டுகிறதோ அந்தப் பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுட்ட வேண்டும். வலது ஓரத்தை ஒட்டி ஓடிக்கொண்டே வலது பக்கம் கை காட்டினால் அவர் புல்லிலா போவார்?

இரண்டாவது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எடுப்பதற்கு எவருக்கும் மனசு வராத வேலை இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கார் நீளம் பின்னாலிருந்து தொடங்கி, இரண்டு கார் நீளம் முன்னால் போய்ச் சேர அவர் உங்களைவிட ஏறத்தாழ 28 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். நீங்கள் காலை எடுக்காமல், அவருக்கும் உங்களுக்கும் வேக வித்தியாசம் மணிக்கு 5 கி.மீ. மட்டும் என்றால் அதற்கு 20 வினாடி ஆகும். மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் 20 வினாடி என்பது 800 மீட்டர். வித்தியாசம் 25 கி.மீ. என்றால் 4 வினாடி, சுமார் 160 மீட்டரில் வேலை முடிந்துவிடும். காலை எடுப்பதால் உங்களுக்கு நஷ்டம் ஓரிரு வினாடி. எடுக்காவிட்டால் அடுத்த வளைவில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நுழைவீர்கள்.

பெரிய இன்ஜின் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இதில் சிக்கல். நேர்பாதையில் பறப்பார்கள், வளைவில் ஒரு சின்ன ஹாட்ச்பேக் பின்பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். "நேர்ல பிடிக்க முடியலையே, அப்புறம் நான் எதுக்கு வழிவிடணும்?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். வளைவில் மூன்று தடவை உங்களைப் பிடித்துவிட்டார் என்றால் சுற்றுக் கணக்கில் அவர்தான் வேகம். ஒரு தடவை காலை எடுங்கள், பின்னால் போய் அவர் எங்கே பிரேக் பிடிக்கிறார் என்று பாருங்கள். நான் கற்றுக்கொண்டதில் பாதி, என்னை முந்திப் போன ஒரு பழைய ஸ்விஃப்டின் பிரேக் விளக்கைப் பார்த்துக் கற்றதுதான்.

ஒரு சைகைக்கு ஒரு வண்டி. பின்னால் மூன்று பேர் இருந்தால் மூன்று தடவை காட்டுங்கள்.

படி 5: முந்துகிறவர் நீங்கள் என்றால்

சைகை வரும்வரை காத்திருங்கள். பக்கவாட்டு மிரரில் உங்களைப் பார்க்கும்படி சற்றுத் தள்ளி நில்லுங்கள். பம்பரோடு ஒட்டிக்கொண்டால் அவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். ஹாரன், ஹெட்லைட் மின்னல் எல்லாம் வேண்டாம். "சவுண்ட் ஹாரன்" என்று பின்னால் எழுதிய லாரி இங்கே இல்லை.

சைகை வந்ததும், வழக்கமாக ஓடும் கோட்டிலிருந்து விலகிப் போகிற வேலை உங்களுடையது. ஓரங்களில் தூசியும் டயர் துகளும் கிடக்கும், பிடிமானம் குறைவு, அதனால் அங்கே வழக்கத்தைவிட முன்னதாகப் பிரேக் பிடியுங்கள். பிரேக் போடும் இடத்துக்குள் முழு வண்டியும் முன்னால் போகவில்லை என்றால், விட்டுவிட்டுப் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். சைகை கொடுத்ததால் வளைவும் உங்களுக்குச் சொந்தம் ஆகிவிடாது. வளைவின் உள்பக்கம் மூக்கை நுழைப்பவரை எந்தக் குழுவிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். முந்திய பின் கையைத் தூக்கி ஒரு நன்றி, போதும்.

படி 6: கொடிகள்

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மஞ்சள் அசைந்தால் ஆபத்து: வேகத்தைக் குறை, முந்தாதே, பச்சை தெரியும்வரை. அப்போது யாராவது கை காட்டினாலும் முந்தக் கூடாது, நீங்களும் காட்டக் கூடாது. சிவப்பு என்றால் ஆட்டம் நின்றது. மிரரைப் பார்த்து மெல்ல வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்கு வாருங்கள், பயந்துபோய் அங்கேயே அழுத்திப் பிரேக் போடாதீர்கள். சிவப்புப் பட்டை போட்ட மஞ்சள், பாதையில் எண்ணெயோ தண்ணீரோ இருக்கிறது என்பது. கறுப்பு, உள்ளே வா என்பது. அது எனக்கு நன்றாகப் பழக்கம்.

நீலக் கொடியைத்தான் புதியவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "பின்னால் வேகமானவர் இருக்கிறார், பார்" என்று மட்டுமே அது சொல்கிறது. கண்ட இடத்தில் ஒதுங்கு என்று சொல்லவில்லை. அடுத்த நேர்பாதைவரை உங்கள் கோட்டிலேயே போய், அங்கே கை காட்டுங்கள்.

படி 7: தப்பு நடந்தால்

வண்டி சுழன்றால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுக்க மிதியுங்கள். வண்டி ஒரே பாதையில் வழுக்கி நிற்கும். பின்னால் வருகிறவர்கள் கணித்து விலகுவார்கள். இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பி மேலே ஏறப் பார்க்காதீர்கள். நேராகவே போய் வேகம் குறைந்த பின், மார்ஷல் கை காட்டினால் மெல்ல ஏறி, நேராகப் பிட்டுக்கு வந்து வண்டியைக் காட்டுங்கள். பிட்டிலிருந்து வெளியே போகும்போது தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டாமல் ஓரமாகவே வேகம் எடுங்கள். ஏற்கெனவே பாதையில் இருப்பவருக்குத்தான் முன்னுரிமை.

இருங்காட்டுக்கோட்டைப் பாதை 1990-இல் வந்தது, 3.7 கி.மீ. அதற்கு முன்னால் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த பெரியவர்கள் சிலர் இன்னும் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். நீங்கள் சுழன்றால் முதலில் கை தட்டுவது அவர்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"எனக்குக் கை கூரைக்கு மேல் எட்டவில்லை" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இதை நான் யோசிக்கவே இல்லை. சீட்டை உயர்த்திப் பார்த்தும் எட்டாவிட்டால், ப்ரீஃபிங்கிலேயே சொல்லிவிட்டு வலது பக்கச் சைகை மட்டும் கொடுங்கள். வலது பக்கம் காலியாக இருக்கும் நேர்பாதை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றாவது இருக்கும்.

"கை காட்டினேன், அவர் முந்தவே இல்லை" என்று இரண்டு பேர். முந்தியே ஆக வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் இல்லை. கையை உள்ளே எடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்; அடுத்த நேர்பாதையில் திரும்பக் காட்டுங்கள். காட்டிய கையை எடுத்த பிறகு அவர் முந்தினால் அது அவர் தப்பு.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இதெல்லாம் பொருந்துமா? பொருந்தும், ஆனால் அது சுமார் 2.1 கி.மீ.தான். வளைவுகள் அடுத்தடுத்து வரும், கை காட்ட நேரம் குறைவு. ஆகவே வளைவுக்குள்ளேயே மிரரைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, ஸ்டீயரிங் நேரானதும் கையை நீட்டுங்கள்.

கடைசியாக ஒருவர் கேட்டது: ஓட்டம் முடிந்ததைக் காட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட செக்கர் கொடி விழுந்து, வண்டியை ஆறவிடும் மெதுவான சுற்றும் முடித்து வந்த பின், பின்சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டது ஏன்? ஹேண்ட்பிரேக் இழுத்திருப்பீர்கள். சூடான பிரேக்கை அழுத்திப் பிடித்து வைக்கக் கூடாது. முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வையுங்கள். பிட்டில் செங்கல் கிடைக்காது, வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.