பனிக்காட்டில் கார் ராலி பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு

ஒரு ராலி கார் உங்களைக் கடக்க நாலைந்து வினாடி போதும். அடுத்தது வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். முதல் கார் வருவதற்கு முன்போ மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆக, இதில் முக்கால்வாசி வேலை பனியில் சும்மா நிற்பதுதான். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் சொல்வதெல்லாம் ஸ்வீடன் ராலியை வைத்து. பிப்ரவரியில் நடக்கும்; 2022 முதல் வடக்கே உமியோ நகரம்தான் அதன் மையம். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

1. ஒரு நாளைக்கு ஒரு ஸ்டேஜ்

ஸ்டேஜ் என்றால் மற்ற வண்டிகளுக்கு மூடிவிட்டு, போட்டிக் கார்களை ஒவ்வொன்றாக நேரம் கணக்கிட்டு ஓடவிடும் சாலைப் பகுதி. பெரும்பாலான ஸ்டேஜ்களில் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை கார்களை ஓட்டுவார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். காலையில் வழவழவென்று இருந்த பாதை மதியத்துக்குள் உழுத வயல் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு டயரிலும் சுமார் 380 டங்ஸ்டன் முனை ஆணிகள் இருக்கின்றன. அவை பனிக்கட்டியைக் கொத்திக்கொத்தி அடியில் உள்ள சரளையை வெளியே எடுத்துவிடும். அதே வளைவில் ஓட்டுநர்கள் வேறு மாதிரி திணறுவதைப் பார்ப்பதே தனி ருசி. ஒரே நாளில் மூன்று ஸ்டேஜ் ஓடிப் பார்க்கிறேன் என்பவர்கள் பார்ப்பது பார்க்கிங் வரிசையை மட்டும்தான்.

ஸ்டேஜ் சாலையை முதல் கார் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அந்த நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள். காட்டுக்குள் சிக்னலை நம்பாதீர்கள். வரைபடத்தை போனில் முன்கூட்டியே இறக்கிவையுங்கள்.

2. காரை நிறுத்துவது

சாலையோரம் சமதளமாகத் தெரியும் பனிக்கு அடியில் பெரும்பாலும் பள்ளம் இருக்கும். ஓரத்தில் நட்டிருக்கும் கம்பங்கள்தான் சாலையின் எல்லை. அதைத் தாண்டி ஒரு சக்கரம் இறங்கினாலும் இழுவை வண்டிதான் கதி. திரும்பிப் போகும் திசையைப் பார்த்தே நிறுத்துங்கள்.

3. கால்

மேலே எத்தனை ஜாக்கெட் போட்டாலும் சரி, குளிர் ஏறுவது கீழிருந்து. மைனஸ் 20 டிகிரியில் நடந்துகொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நின்ற அரை மணியில் விரல்கள் மரத்துவிடும்.

பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் மூன்று காலுறை திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சீக்கிரம் விறைக்கும். ஒரு தடித்த கம்பளி காலுறை போதும்; விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காரிலிருந்து நடந்து வரும்போது வியர்க்காத வேகத்தில் நடந்து, இடத்துக்கு வந்ததும் காலுறையை மாற்றுவது இன்னும் நல்லது.

அப்புறம் என் செல்லப் பொருள்: முகாம்களில் விரித்துப் படுக்கும் ஃபோம் பாய். அதில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போய் அதன்மேல் நில்லுங்கள். பேட்டரியில் சூடாகும் விலை உயர்ந்த காலுறைகளைவிட இதைத்தான் சிபாரிசு செய்வேன், சார்ஜ் தீராது.

4. எங்கே நிற்பது

சிவப்பு நாடா கட்டியிருந்தால் அங்கே நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நாடா இல்லாத இடத்திலும் வளைவின் வெளிப்புறம் வேண்டாம். உயரமான மேட்டில், பின்வாங்க வழி வைத்துக்கொண்டு நில்லுங்கள். முழங்கால் புதையும் பனியில் ஓட முடியாது. அதனால் நின்றதும் பின்னால் பத்தடி மிதித்துப் பாதை போட்டுவையுங்கள்.

சாலையோரப் பனிக்கரையைச் சுவர் என்று நினைத்து அதன் பின்னால் நிற்பார்கள். ஓட்டுநர்கள் வேண்டுமென்றே காரின் பின்புறத்தை அதில் சாய்த்துத் திருப்புவதும் உண்டு. கரை கெட்டியாக இருந்தால் கார் நிமிர்ந்து போகும். இளகியிருந்தால் உள்ளே பாயும், ஏறித் தாண்டவும் செய்யும்.

இன்னொன்று, பனி சத்தத்தை விழுங்கிவிடும். கார் மிக அருகில் வந்த பிறகுதான் காதில் விழும். மார்ஷல் (சாலையோரம் நிற்கும் பாதுகாப்பு ஊழியர்) விசில் ஊதினாலோ, கார்களைத் தொடர்ந்து படமெடுக்கும் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்தாலோ போனை உள்ளே வைத்துவிட்டுச் சாலையைப் பாருங்கள்.

5. எப்போது கிளம்புவது

முதலில் 000, 00, 0 எண்ணிட்ட பாதுகாப்பு வண்டிகள் வரும், பிறகு போட்டியாளர்கள். பெரிய பெயர்கள் போனதும் கூட்டம் கலையத் தொடங்கும். நீங்கள் இருங்கள். பின்னால் வரும் சின்ன வண்டிகளில்தான் ஓட்டுபவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவது கண்ணுக்குத் தெரியும். எல்லாக் கார்களும் போய்விட்டன என்று காட்டக் கடைசியாக வரும் துடைப்பு வண்டி போய், மார்ஷல் கையசைக்கும்வரை ஸ்டேஜ் சாலையில் கால் வைக்காதீர்கள். மாலை ஐந்துக்குள் நன்றாக இருட்டிவிடும், தலையில் மாட்டும் விளக்கு அவசியம்.

பிற்சேர்க்கை

குழந்தையைக் கூட்டிப் போகலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நகரத்துக்குள் இருக்கும் சர்வீஸ் பார்க்குக்கு, அதாவது அணிகள் கார்களைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு, கூட்டிப் போங்கள். கார்களைப் பிரித்து மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். காட்டில் பல மணி நேரம் அசையாமல் நிற்க அவர்களால் ஆகாது.

கேமராவில் நீர் கோத்த கதையையும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். குளிரில் சார்ஜ் இறங்காமல் இருக்கப் பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்திருங்கள். நீர் கோக்காமல் இருக்க வழி இது: சூடான காருக்குள் ஏறுவதற்கு முன், வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும். படம் உடனே பார்க்க வேண்டுமென்றால் மெமரி கார்டை முன்பே கழற்றிக்கொள்ளுங்கள்.