பட்டாளத்தில் இருந்து ஊர் திரும்பியவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது எப்படி

பதினேழு வருஷம் சர்வீஸ் முடித்து புதுச்சேரியின் பாகூர் பக்கம் வந்து சேர்ந்த புதிதில், வரப்புத் தகராறுக்காக ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் பாரா நின்ற பையன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கேயே எனக்குப் பாதி கோபம் ஏறிவிட்டது. உள்ளே போய் விறைப்பாக நின்று, ரேங்க், ரெஜிமெண்ட் எல்லாம் சொன்னேன். ரைட்டர் தலையைத் தூக்காமலே, "மனு எழுதிட்டு வந்தீங்களா பெருசு?" என்றார். மனு இல்லை. சர்வே நம்பரைச் சொன்னதும், "அது எங்க லிமிட்டே இல்ல, கடலூர் பக்கம் போங்க" என்றார். அன்றைய படையெடுப்பு அத்தோடு முடிந்தது.

யூனிஃபார்ம் போட்டவர்கள் எல்லாம் ஒரே இனம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நாம் கட்டளைக்குப் பழகியவர்கள். அவர் காகிதத்துக்குப் பழகியவர், காலையில் கோர்ட், மதியம் பந்தோபஸ்து, ராத்திரி ரோந்து, நடுவில் நீங்கள். வாயால் சொன்னதை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ரேங்க்கை மனுவின் கடைசி வரியில் வைத்துக்கொள்ளுங்கள், "முன்னாள் படைவீரர்" என்று ஒரு வரி, போதும்.

மனு எழுதுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை, யூனிட்டில் ரிப்போர்ட் எழுதிய அதே கைதான். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார் பார்த்தார்கள். "என்னை அவமானப்படுத்திவிட்டான்" என்று ஒரு பக்கத்துக்குப் புலம்பாமல், அவன் பேசிய மிரட்டல் வார்த்தையை அப்படியே எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு ஸ்டேஷன் என்றால் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம், காசு கொடுக்க வேண்டாம்.

இந்த லிமிட் விவகாரம் நம் பக்கத்தில் பெரிய தலைவலி. பாகூர் கொம்யூனும் கடலூர் மாவட்டமும் துண்டு துண்டாகக் கோத்துக் கிடக்கின்றன, வீடு புதுச்சேரி, நிலம் தமிழ்நாடு, நடுவில் ஒரு வாய்க்கால். சிவப்புக் குல்லா போட்ட புதுச்சேரி போலீஸ்காரர் அங்கே போ என்பார், அங்கே இருப்பவர் இங்கே போ என்பார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். வாங்கவே மறுத்தால் அதே பிரிவில் வழி இருக்கிறது, மனுவை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இதையெல்லாம் ரைட்டரிடம் சட்டப் பாடமாக நடத்தாதீர்கள், மெதுவாக ஒரு தடவை கேளுங்கள், அப்புறம் தபால் ஆபீஸுக்குப் போங்கள்.

நிலத் தகராறு என்றால் பெரும்பாலும் "சிவில் மேட்டர்" என்பார்கள். பாதி உண்மைதான். அளந்து கல் நடுவது தாலுகா சர்வேயர் வேலை. அடிக்க வந்தான், மிரட்டினான் என்றால்தான் போலீஸ். நான் லீவில் வந்த பத்து நாளில் அளக்காமல் விட்டதற்கு ஸ்டேஷனில் போய்க் கத்தினேன், அது என் தப்பு.

சாலையில் நிறுத்தினால் வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து நீட்ட அங்கே வேலை இல்லை. நம்பர் பிளேட்டில் "ஆர்மி" என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள், அதில் நம்பரைத் தவிர நாமாக வேறு எதுவும் எழுதக் கூடாது. புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டும்போது புதுச்சேரிக் கடைச் சரக்கோடு மாட்டினால் எந்தக் கார்டும் காப்பாற்றாது.

துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் இருந்து கூப்பிடுவார்கள் என்று எதிர்பாருங்கள். ஒப்படைக்கச் சொன்னால் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். "என்னை நம்பவில்லையா" என்று கோபப்பட வேண்டாம், அந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை.

அதே தேர்தலுக்கு முன்னாள் படைவீரர்களையும் பாதுகாப்புக்கு அழைப்பார்கள். ஒரு முறையாவது போங்கள். ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ராத்திரி முழுக்க ஒரு ஏட்டுவோடு கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், அவருடைய ஊர், பிள்ளைகள், லீவு கிடைக்காத கதை எல்லாம் தெரிந்துவிட்டது, லீவு கதை நமக்குத் தெரியாததா. அதற்குப் பிறகு ஸ்டேஷன் பக்கம் போனால் "வாங்கண்ணே" என்பார்.

ஆனால் ஒன்று. பழகியதும், "அண்ணே, கேன்டீன்ல ரெண்டு பாட்டில் கிடைக்குமா" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ராணுவ கேன்டீன் பொருளை அடுத்தவருக்குக் கொடுப்பது விதிமீறல், மாட்டினால் கேன்டீன் கார்டு போகும். நான் சிரித்துக்கொண்டே, "இந்த மாசக் கோட்டா தீர்ந்துடுச்சு சார்" என்பேன். மாதத்தின் முதல் தேதியிலும் அதையேதான் சொல்கிறேன்.