பழுதான பொருளுக்கு வழக்குப் போடுமுன்: முதலில் பில்லை நகலெடுங்கள்

வேலூர் வெயிலுக்குப் பயந்து வாங்கிய ஃபிரிட்ஜ் இரண்டே மாதத்தில் குளிர்விக்க மறுத்து, கடைக்காரரும் கம்பெனியும் ஒருவரை ஒருவர் கைகாட்டினால், முதலில் பில்லை நகலெடுத்து வையுங்கள்; வழவழப்பான தாளில் அச்சிடும் இக்கால பில்கள், வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் எழுத்து மங்கி வெற்றுத்தாளாகிவிடும். மெக்கானிக் ஒவ்வொரு முறை வரும்போதும், என்ன கோளாறு என்று தேதியுடன் எழுதிய சர்வீஸ் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு சாட்சியாகாது. தீர்ப்பு வரும்வரை பழுதான பொருளைக் கழித்துப்போடவும் கூடாது, ஏனெனில் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்து, ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸும் அனுப்பிய பிறகும் பதில் இல்லையெனில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். பொருளைச் சென்னையிலோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அச்சட்டம் இடமளிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடை, உற்பத்தியாளர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே என் பார்வையில் புத்திசாலித்தனம்.

வியாபாரத்துக்கென வாங்கிய பொருளுக்கு இந்த வழி கிடையாது. ஆனால் குடியாத்தத்தில் தையல் மெஷின் வாங்கித் தன் பிழைப்புக்காகத் தானே தைப்பவர் சட்டப்படி நுகர்வோர்தான். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும்.