காசாவுக்காகப் பங்கில் மன்றாட்டும் எம்.பி.மாருக்குக் கடிதமும்

மட்டக்களப்பில் ஒரு கத்தோலிக்கப் பங்குச் சமூகம் காசாவுக்காகச் செபிப்பதோடு நிற்கக்கூடாது. அரசியல்வாதிக்குக் கடிதமும் போகவேண்டும்.

மன்றாட்டில் காசாவின் இடங்களைப் பெயர்சொல்லுங்கள்: 2023 ஒக்டோபர் 19இல் தாக்கப்பட்ட புனித போர்பீரியூஸ் ஆலய வளாகம், 2025 ஜூலை 17இல் தாக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயம். 2023 ஒக்டோபர் 7இல் கொல்லப்பட்ட இஸ்ரேலியரையும் விடவேண்டாம். சிக்கல் வருவது, எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டச்சொல்லும் 122ஆம் சங்கீதத்தை வாசிக்கும்போதுதான். அதிலுள்ள எருசலேமை இன்றைய இஸ்ரேல் அரசோடு ஒன்றாக்கி, அந்த அரசின் போரை ஆதரிப்பதே விசுவாசம் என்று யாராவது பேசிவிடுவார். அது தவறு என்று வாசகத்துக்கு முன்பே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். யூத மக்களைப் பழிக்கும் சொல்லும் வேண்டாம்.

கடிதம் ஒரே பக்கம். போர்நிறுத்தம், உணவும் மருந்தும் தடையின்றிப் போவது ஆகிய இரண்டுக்காகவும் பாராளுமன்றத்தில் பேசும்படி கேளுங்கள். 1988இலேயே பலஸ்தீனத்தை அங்கீகரித்த நாடு இலங்கை என்பதையும் எழுதுங்கள். "கவனத்தில் எடுக்கவும்" என்று முடித்தால் பதில் வராது. திகதி குறித்துப் பதில் கேளுங்கள். கையொப்பத்தைப் பூசை முடிந்ததும் கடிதத்தின் அடியிலேயே வாங்குங்கள். வெறுந்தாளில் வாங்கினால் சனம் எதற்கு ஒப்பமிட்டோம் என்று பிறகு கேட்கும். வாட்ஸ்அப் படங்களை இணைக்கவேண்டாம். பழைய சிரியாப் படமொன்று கலந்தாலும் முழுக் கடிதமும் எடுபடாமல் போகும். அயலூரான காத்தான்குடியின் பள்ளிவாசல் நிர்வாகத்தினரையும் ஒப்பமிடக் கூப்பிடுங்கள், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு இது மிக அவசியம். மாவட்டத்தின் 5 பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், கட்சி பாராமல், தனித்தனியே பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள்.