மீட்டர் 3.1 காட்டினால் அது கெட்டுப்போகவில்லை

லண்டனுக்கு வரும்போது பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்டால் குக்கர், இட்லித் தட்டு, புளி என்று பட்டியல் கொடுக்க நூறு பேர் இருக்கிறார்கள். நான் மாத்திரைப் பொட்டலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதனால் ஓர் இரவு முழுவதும் மருத்துவமனையில் கிடந்தவன் நான்.

பதிவு விவகாரத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வேலை விசாவில் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். ஆகவே இறங்கிய வாரமே குடியிருக்கும் பகுதியின் ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிந்துகொள்ளுங்கள். காசு கிடையாது. முகவரிச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை. வரவேற்பு மேசையில் முகம் சுளித்தாலும் விடாமல் சொல்லுங்கள். இங்கிலாந்தில் மருந்துச்சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 2024 மே முதல் 9.90 பவுண்டு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு, எஃப்.பி.92ஏ என்ற படிவத்தை ஜி.பி.யிடம் கேளுங்கள். சான்றிதழ் வருமுன்னே மருந்துக்கடையில் 'எனக்கு விலக்கு உண்டு' என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அபராதம் 100 பவுண்டு வரை போகும்.

இனி என் கதை. திண்டுக்கல்லிலிருந்து கிளம்பும்போது நான்கு மாதத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிவந்தேன். நம் ஊர் மெடிக்கலில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார்கள் அல்லவா? என்னிடம் இருந்த துண்டுகள் பாதியில் பெயரே இல்லை. 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று இங்குள்ள டாக்டர் கேட்டபோது, எனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னேன்: மெட்ஃபார்மின். பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை. நம் ஊரில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து, சில சமயம் மூன்று மருந்துகூட இருக்கும். என் மாத்திரையில் மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் இருந்தது. அட்டையின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல அச்சடித்திருக்கிறார்கள், யார் படித்தோம்?

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 75 என்று வந்தது. நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன், வெறும் வயிற்றில் 75 என்றால் நம் ஊரில் சபாஷ் போடுவார்கள். டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. இங்கே அந்தக் கணக்கே வேறு: நம் 6.5 சதவீதம் இவர்களுக்கு 48, நம் 7 இவர்களுக்கு 53. என் 75 என்பது நம் கணக்கில் 9. விசா அலைச்சலில் ஏறியிருந்தது. மெட்ஃபார்மின் மட்டும் போதவில்லை என்று நினைத்து கிளிக்லசைடு என்ற மருந்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

நான் செய்த புத்திசாலித்தனம் இதுதான். ஊர் மாத்திரை இன்னும் இரண்டு மாதத்துக்கு இருந்தது. காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வருமா? காலையில் இங்குள்ளது, இரவில் ஊர்ச் சரக்கு என்று விழுங்கினேன். நிறமும் பெயரும் வேறாக இருந்ததால் அவை வேறு மருந்து என்றே நினைத்தேன். போதாததற்கு அம்மா கட்டிக்கொடுத்த சிறுகுறிஞ்சான் பொடி வேறு.

கந்த சஷ்டி வந்தது. பழனி மலையைப் பார்த்து வளர்ந்தவன், ஆறு நாளும் பாலும் பழமும்தான். நான்காம் நாள் மாலை, நவம்பர்க் குளிரில் சட்டை நனைய வேர்த்தது. கை நடுங்கியது. இங்கே வாங்கிய சர்க்கரை மீட்டரில் பார்த்தேன்: 3.1. ஊர் மீட்டரில் மூன்று இலக்கத்தைத் தவிர வேறொன்றைப் பார்த்ததில்லை, இங்கே மீட்டரின் அலகும் வேறு என்பது எனக்குத் தெரியாது. மீட்டர் கெட்டுவிட்டது என்று பட்டையை மாற்றி இன்னொரு விரலைக் குத்தினேன். 2.8. பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், அந்த நேரத்தில்! பேட்டரி மூடி கைநழுவிப் படிக்கட்டில் உருண்டதுதான் அதிர்ஷ்டம். சத்தம் கேட்டு மேல்மாடி யாழ்ப்பாணத்து அக்கா இறங்கி வந்தார். மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓடிப்போய் ஒரு கோப்பை ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து, "தம்பி, விரதம் பிறகு, இதைக் குடியுங்கள்" என்றார். அவசர உதவி எண்ணான 999-க்கும் அவரே அழைத்தார். அவருடைய கணவர் பதினைந்து ஆண்டு சர்க்கரைக்காரர்.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேனா முனையால் சின்ன எழுத்துகளைத் தொட்டுக் காட்டினார். கிளிமெபிரைடும் கிளிக்லசைடும் ஒரே குடும்பம், ஒரே வேலைக்கு இரண்டு மருந்தை விழுங்கியிருக்கிறேன். அவை இறக்கும் சர்க்கரை, சாறு குடித்ததும் ஏறி, மறுபடியும் இறங்கும். அதனால்தான் விடியும்வரை மணிக்கு ஒருமுறை விரலைக் குத்தினார்கள்.

ஊரில் இருக்கும்போதே உங்கள் டாக்டரிடம் ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பெரிய எழுத்தில் எழுதி வாங்குங்கள். கம்பெனி வைத்த பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. அட்டையை வெட்டாமல் முழுதாகக் கேளுங்கள். இங்கே புதுச் சீட்டு எழுதினால், பழையதை நிறுத்துவதா என்று அந்த இடத்திலேயே கேட்டு, மிச்சத்தை மருந்துக்கடையில் ஒப்படைத்துவிடுங்கள். பொடி, லேகியம், பாகற்காய்ச் சாறு எதையும் மறைக்காதீர்கள். விரதத்தைச் சொல்ல வெட்கம் வேண்டாம். ரமலான் நோன்பு இவர்களுக்கு நன்றாகத் தெரியும், 'அதுபோல, ஆனால் ஆறு நாள்' என்றால் புரிந்துகொண்டு மருந்தைக் கூட்டிக் குறைத்துத் தருவார்கள். இங்குள்ள மீட்டரில் வருவதை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு கிடைக்கும். 4-க்குக் கீழே போனால் பெருக்கிக்கொண்டு நிற்காதீர்கள், முதலில் இனிப்பைக் குடியுங்கள்.

அம்மாவிடம் மீட்டர் கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன். அடுத்த பார்சலில் புது மீட்டர் ஒன்று வந்தது, கூடவே அரைக் கிலோ சிறுகுறிஞ்சான் பொடி. பொடி இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அந்த ஊர் மீட்டரில் இன்று காலை பார்த்தேன், 126. 18-ஆல் வகுத்து ஏழு என்று குறித்துக்கொண்டேன்.