க்யூ வாங்குறப்போ சத்தத்தையும் கையில வர்ற ஃபீலையும் எப்படி பாக்குறது

யாங்கோன்ல நம்ம பசங்க க்யூ, அதாவது பூல், ஸ்னூக்கர் ஆடுற குச்சி, வாங்கப் போனா முதல்ல பாக்குறது கையில பிடிக்கிற பின்பாதியான பட்ல இருக்குற டிசைன், அடுத்து ரெண்டு பாதியும் சேர்ற ஜாயின்ட் ஸ்டீலா மரமான்னு ஒரு பெரிய வாக்குவாதம். ஆனா பந்த அடிச்சதும் காதுல விழுற சத்தத்துக்கும் கையில வர்ற ஃபீலுக்கும் முக்கால்வாசி காரணம் முன்னாடி நுனியிலதான் இருக்கு, அதனால நுனியில ஆரம்பிச்சு பின்னாடி போய்க்கிட்டே பாருங்க.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. க்யூ நுனியில ஒட்டியிருக்குற டிப்பு பந்த தொட்டுக்கிட்டு இருக்குறது ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு, கூடக் குறைய அவ்ளோதான். அந்த அதிர்வு கைக்கு வந்து நமக்கு உறைக்குறதுக்குள்ள பந்து கிளம்பிப் போயிருக்கும். அப்போ ஃபீல் எதுக்குன்னா, நடுவுல பட்டுச்சா விலகிப் பட்டுச்சான்னு சொல்லுறதுக்கு. நடுவுல பட்டா ஒவ்வொரு தடவையும் ஒரே சத்தம், விலகுனா உடனே வேற சத்தம், இத தெளிவா சொல்லுற க்யூதான் நல்ல க்யூ, சத்தம் இனிமையா இருக்குதாங்குறதெல்லாம் அப்புறம்.

முதல்ல டிப்பு. எல்க்மாஸ்டர்ங்குற பிராண்ட் மாதிரி மெத்துன்னு இருக்குற தோல் டிப்பு தொப்புன்னு அடங்கி கேக்கும், கெட்டியான டிப்பு டிக்குன்னு கூர்மையா கேக்கும், ஆட்டத்த தொடங்கி பந்துகள உடைக்குற பிரேக் க்யூல ஃபீனாலிக்ங்குற கெட்டி பிளாஸ்டிக் டிப்பு போட்டுருந்தா காதே கூசும். ஒரே தோலா அழுத்தி செஞ்ச டிப்புல ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் வரும், அடுக்கடுக்கா ஒட்டுன டிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நம்ம ஊரு மழைக்காலத்துல தோல் ஈரத்த இழுத்துக்கும், சித்திரை வெயில்ல டிங்குன்னு பேசுன டிப்பு ஆடி மாசம் மந்தமா பேசலாம், அதுக்காக க்யூவே கெட்டுப்போச்சுன்னு விக்கக் கிளம்பிடாதீங்க, டிப்ப மாத்திப் பாருங்க, செலவும் கம்மி.

அடுத்து ஃபெரூல், டிப்புக்குக் கீழ இருக்குற பூண். ஸ்னூக்கர் க்யூல பித்தளை, பூல் க்யூல பெரும்பாலும் வெள்ளை பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள். இது லேசா லூஸா இருந்தாலே சத்தம் உடைஞ்சு கேக்கும். நகத்தால பிடிச்சு திருகிப் பாருங்க, துளி அசைவு கூட இருக்கக் கூடாது.

க்யூவோட முன்பாதியான ஷாஃப்ட்தான் நிதானமா பாக்க வேண்டிய இடம். பூல் க்யூனா பெரும்பாலும் மேப்பிள் மரம், டிப்பு 13 மில்லிமீட்டர் பக்கம், ஸ்னூக்கர் க்யூனா பெரும்பாலும் ஆஷ் மரம், டிப்பு 9.5 பக்கம். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், பூல் பந்து 57 மில்லிமீட்டர், வெயிட்டும் கூட. அதனால ஸ்னூக்கர் க்யூவ எடுத்துட்டுப் போய் பூல் டேபிள்ல அடிச்சா சத்தம் மெலிஞ்சு, கை அதிகமா அதிரும், அது க்யூவோட குறை கிடையாது. ஷாஃப்ட்டோட மரவரி நுனி வரைக்கும் நேரா ஓடுதான்னு வெளிச்சத்துல பாருங்க. அப்புறம் ஷாஃப்ட்ட தனியா கழட்டி, நீளத்துல கால் பங்கு இருக்குற இடத்துல ரெண்டு விரலால லேசா தொங்கவிட்டு, நடுவுல விரல் முட்டியால ஒரு தட்டு தட்டுங்க. பிடிக்கிற இடத்த கொஞ்சம் மேல கீழ நகத்திக்கிட்டே தட்டுனா ஒரு இடத்துல நல்லா ஒலிக்கும், ஏன்னா அந்த இடத்துல மரம் அதிகமா ஆடாது, உங்க விரல் சத்தத்த அமுக்காது. சந்தையில பானைய தட்டிப் பாத்து வாங்குற மாதிரிதான். ஒலி நீண்டு வந்தா மரம் நல்லாருக்கு, செத்த சத்தமா வந்தா உள்ள விரிசலோ ஒட்டு விட்டதோ இருக்கலாம், அந்த ஷாஃப்ட் வேணாம். கார்பன் ஷாஃப்ட் உள்கூடான குழாய், பெரும்பாலும் உள்ள ஃபோம் அடைச்சிருப்பாங்க, அதோட சத்தமே வேற, மரத்தோட ஒப்பிடாதீங்க. ஈரத்துக்கு வளையாதுங்குறது நம்ம ஊருக்கு பெரிய வசதி.

இப்போ அந்த ஜாயின்ட் சண்டை. ஸ்டீல் ஜாயின்ட் வெயிட்ட முன்னாடி தள்ளும், பேலன்ஸ் மாறும், அத கை கண்டிப்பா உணரும். ஆனா ஒரே மாதிரி டிப்பு, ஒரே மாதிரி ஷாஃப்ட் போட்டுட்டு கண்ணை மூடிக்கிட்டு ஸ்டீலா மரமான்னு சொல்லச் சொன்னா ரொம்ப பேரு தடுமாறுவாங்கன்னுதான் நான் நினைக்குறேன், உங்க மச்சான வெச்சு சோதிச்சுப் பாருங்க. ரெண்டு முகமும் இடைவெளி இல்லாம உக்காருதா, அதுதான் முக்கியம்.

அடிக்கும்போது கிர்ர்ருன்னு ஒரு நடுக்கம் வந்தா இந்த வரிசையில தேடுங்க: ஜாயின்ட்ட இறுக்கி அடிங்க, போகலன்னா பட்டோட கடைசியில இருக்குற ரப்பர் மூடிய, அதாவது பம்பர, கழட்டிட்டு அடிங்க, அப்பவும் இருந்தா உள்ள எடைக்காகப் போட்டிருக்குற வெயிட் போல்ட்ட டைட் பண்ணி அடிங்க. பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுல நின்னுரும். நிக்கலன்னா பட் உள்ள ஒட்டு விட்டிருக்கலாம், கடைக்காரர் எவ்ளோ குறைச்சு தர்றேன்னு சொன்னாலும் வாங்காதீங்க அண்ணே.