ஒரே பிளாக்கில் அதிகம் பேருக்குப் பிட்காயின் அனுப்பத் தொகுப்பு முறை

பிட்காயினில் பரிவர்த்தனைகளைப் பதிந்து வைக்கும் பிளாக், சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. அதில் இருக்கும் இடம் 10 லட்சம் வீபைட்; பரிவர்த்தனையின் அளவைச் சொல்லும் அலகு இது, கட்டணமும் இதை வைத்தே கணக்கிடப்படும். பிளாக்கையே பெரிதாக்க வேண்டும் என்றவர்கள் 2017 ஆகஸ்டில் பிட்காயின் கேஷாகப் பிரிந்து 8 எம்பிக்குப் போனார்கள். பிட்காயினில் இருப்பவர்கள் இருக்கிற இடத்தைத்தான் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். தினமும் பலருக்குப் பணம் அனுப்பும் எவருக்கும் இது கடமை என்றே சொல்வேன்.

முதலில் முகவரியை மாற்றுங்கள். 1 என்று தொடங்கும் பழைய முகவரியில் உள்ள காசைச் செலவழிக்க, ஓர் உள்ளீட்டுக்கு (செலவழிக்கும் ஒவ்வொரு காசுக்கும்) 148 வீபைட் ஆகும். bc1q என்று தொடங்கும் புதிய வகையான செக்விட் முகவரியில் 68 போதும்; கையொப்பத்தின் எடை அங்கே கால் பங்காகத்தான் கணக்கில் வரும்.

அடுத்தது தொகுப்பு, அதாவது பலருக்கான தொகைகளை ஒரே பரிவர்த்தனையில் அனுப்புவது. பத்துப் பேருக்குத் தனித்தனியாக அனுப்பினால் ஒவ்வொன்றும் சுமார் 141 வீபைட், மொத்தம் 1,410. ஒரே பரிவர்த்தனையில் பத்துப் பேரையும், உங்களுக்குத் திரும்பும் மீதியையும் சேர்த்தால் பணம் போய்ச் சேரும் 11 வெளியீடுகள், தலா 31. உள்ளீட்டையும் தலைப்பகுதியையும் கூட்டினாலும் 420தான். பிளாக்கில் எழுபது சதவீத இடம் மிச்சம், கட்டணமும் அதே அளவு குறையும்.

எலக்ட்ரம் வாலட்டில் பலருக்கு அனுப்பும் வசதியைத் திறந்து, வரிக்கு ஒருவராக முகவரி, காற்புள்ளி, தொகை என்று எழுதுங்கள். பிட்காயின் கோர் மென்பொருளில் 'சென்ட்மெனி' (sendmany) கட்டளை இருக்கிறது. செக்விட் முகவரிக்கு 294 சடோஷிக்கும் (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஒரு சடோஷி), பழைய முகவரிக்கு 546க்கும் குறைவான தொகை இருந்தால் பிட்காயின் வலைப்பின்னலில் உள்ள பெரும்பாலான கணினிகள் அந்தப் பரிவர்த்தனையைக் கடத்தாது. ஒரே ஒரு வரி மொத்தத் தொகுப்பையும் முடக்கிவிடும். பெறுவோர் எல்லோரும் மற்றவர்களின் தொகையைப் பார்க்க முடியும் என்பதால் சம்பளப் பட்டியலுக்கு யோசித்துச் செய்யுங்கள்.

பெரிய ஆபத்து, கட்டணம் போதாமல் தொகுப்பு நின்றுவிடும்போதுதான். பதறிப்போய் வேறு காசுகளை எடுத்துப் புதிதாக அனுப்பினால் பின்னர் இரண்டுமே பிளாக்கில் ஏறி, எல்லோருக்கும் இரட்டைப் பணம் போய்விடும். அதிகக் கட்டணத்தில் அனுப்பும் மாற்றுப் பரிவர்த்தனையில் பழைய உள்ளீடுகளில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று ஏறினால் மற்றொன்று செல்லாது. பெற்றவர் யாராவது அந்தக் காசை உறுதியாகும் முன்பே செலவழித்திருந்தால், அவர் கட்டிய கட்டணத்தையும் சேர்த்து நீங்கள் மிஞ்ச வேண்டியிருக்கும். அந்த நிலையில் உங்களுக்கு வரவேண்டிய மீதியை அதிகக் கட்டணத்தில் செலவழித்து, அந்தக் கட்டணத்துக்காகத் தொகுப்பும் சேர்ந்தே பிளாக்கில் ஏறும்படி இழுத்துவிடுவதே மலிவு. அதற்காகவே ஒவ்வொரு தொகுப்பிலும் கணிசமான மீதி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.